மேசைக் கணினிக்கு லினக்ஸ் வந்த வழி



2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு இருந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து நம் விம்கோ நகர் ஓய்வூதியர்கள் மூன்று, நான்கு பேர் என்னை வழியில் நிறுத்திக் கேட்டுவிட்டார்கள்: "சார், நம்ம பெட்டி இனிமே காயலான் கடைக்குத்தானா?" ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கிய கணினிகள். இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி அவற்றில் கிடையாது. ரிப்பேர் கடைக்காரர் புதிதாக வாங்கச் சொல்கிறார். நான் லினக்ஸ் போடச் சொல்கிறேன். அதற்கு ஒரு பழைய சக ஊழியர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "லினக்ஸா? அதான் நம்ம சர்வீஸ்லயே வந்துச்சே. ஒரு மாசம்கூட ஓடலையே!"

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஏன் ஓடவில்லை என்பதை யாரும் சரியாக எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. கோப்பு எழுதியே காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியை இயக்கியதும் முதலில் விழித்துக்கொண்டு, திரை, விசைப்பலகை, பிரிண்டர் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற மென்பொருளுக்குத்தான் இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஒரு இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று. விண்டோஸ் உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது அந்தக் கம்பெனியின் ரகசியம். லினக்ஸ் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

இந்த எண்ணம் பிறந்ததற்கு ஒரு பிரிண்டரும் காரணம் என்றால் நம் டைப்பிஸ்ட் நண்பர்கள் சிரிப்பார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த லேசர் பிரிண்டர் ஒன்று அடிக்கடி காகிதத்தைச் சிக்க வைத்துக்கொள்ளும். மென்பொருளில் இரண்டு வரி சேர்த்தால், சிக்கியதும் எல்லோருக்கும் தகவல் போகும்படி செய்துவிடலாம். ஆனால் அந்த மூல நிரலைக் காட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் அவர் மனதில் நின்றது. 1983 செப்டம்பரில், எல்லோருக்கும் திறந்த இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்தார். அதற்கு ஜி.என்.யூ. என்று பெயர். பெரும்பாலான பாகங்கள் எழுதி முடிந்தும் நடுவில் இருக்க வேண்டிய கரு மட்டும் அமையவில்லை. 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கினார். இரண்டும் சேர்ந்ததுதான் நாம் சுருக்கமாக லினக்ஸ் என்று சொல்வது.

இதை ஆங்கிலத்தில் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்றார்கள். அங்கேதான் குழப்பம். ஃப்ரீ என்றால் காசில்லாததா, சுதந்திரமானதா? புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தக் குழப்பமே வரவில்லை. பிரெஞ்சில் காசில்லாததற்கு 'கிராத்துயி'. சுதந்திரமானதற்கு 'லீப்ர்'. இரண்டும் வேறு வேறு சொற்கள். அவர்கள் இதை 'லோஜிசியேல் லீப்ர்' என்கிறார்கள். தமிழிலும் நல்ல வேளையாக யாரோ 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர் வைத்தார்கள். 'இலவச மென்பொருள்' என்று வைத்திருந்தால் கலர் டி.வி., மிக்ஸி, கிரைண்டர் வரிசையில் அதையும் சேர்த்திருப்போம்.

கட்டு என்றால் என்ன என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தீப்பெட்டி ஒன்றே போதும். விம்கோ என்பது 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்பதன் சுருக்கம். ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளி ஐவர் க்ரூகரின் சாம்ராஜ்யத்தில் ஒரு கிளை. க்ரூகர் பல நாட்டு அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டுத் தீப்பெட்டி வியாபாரத்தின் ஏகபோக உரிமையை எழுதி வாங்கிக்கொள்வார். பிரான்சுக்கே 1927ல் ஏழரைக் கோடி டாலர் கடன் கொடுத்தவர். 1932ல் கணக்கெல்லாம் கவிழ்ந்து பாரிஸில் உயிரை விட்டார். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு எதிரே நின்றது யார்? 1922ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பிய சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். கற்ற முறை அவர்கள் வீட்டோடு நிற்கவில்லை. சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் காடு முழுக்கப் பரவியது. செய்முறை வெளியே தெரிந்துவிட்ட பிறகு எந்த ஏகபோகமும் முழுசாக நிற்காது. (சிவகாசியில் குழந்தைகளை வேலைக்கு வைத்த பாவமும் உண்டு. சிறியது எல்லாம் புனிதம் என்று நான் சொல்லவில்லை.) இன்னொரு வேடிக்கை, பின்லாந்துக்காரரான லினஸின் தாய்மொழி ஸ்வீடிஷ். ஏகபோகத்துக்கும் கட்டற்றதற்கும் ஒரே மொழி.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். லினக்ஸ் இங்கே முதலில் அரசாங்கம் வழியாக வரவில்லை. ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழு, வெளிநாட்டில் இருந்த தமிழ் இளைஞர்கள், இலங்கைத் தமிழர்கள் என்று ஆர்வலர்கள் வழியாகத்தான் வந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் லினக்ஸின் கே.டி.இ. என்ற முகப்பைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். கோப்பு, திருத்து, சேமி என்று திரையில் தமிழ் மெனு வந்தது. விண்டோஸ் தமிழில் மெனு காட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது நடந்தது. காரணம் எளிது. விண்டோஸைத் தமிழாக்க வேண்டுமானால் அமெரிக்காவில் யாரோ லாபக் கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். லினக்ஸைத் தமிழாக்க யாரையும் கேட்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து செய்யலாம். அப்படித்தான் செய்தார்கள். சம்பளமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை.

அரசாங்கக் கதை எல்காட்டில் தொடங்குகிறது. நந்தனத்தில் இருக்கும் எல்காட், அரசு அலுவலகங்களுக்குக் கணினி வாங்கித் தருகிற நிறுவனம். 2006ல் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் நிர்வாக இயக்குநரானார். அவரைப் பற்றிப் பிற்பாடு வந்த செய்திகள் வேறு கதை, அதற்குள் நான் போகவில்லை. அன்று அவர் செய்தது துணிச்சலான காரியம். எல்காட் தன் சொந்த அலுவலகக் கணினிகளை எல்லாம் 'சூசே' என்ற லினக்ஸ் வகைக்கு மாற்றியது. அதன் பிறகு மற்றத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் லினக்ஸ் போட்ட கணினிகளை வாங்க முற்பட்டது. மென்பொருள் உரிமத்துக்குக் கட்டும் பணம் மிச்சம், வைரஸ் தொல்லை குறைவு, ஒரே கம்பெனியை நம்பிக் கிடக்க வேண்டாம் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். வெளி மாநிலப் பத்திரிகைகள்கூட இதைப் பற்றி எழுதின.

அதே சமயத்தில் மத்திய அரசின் சிடாக் நிறுவனம், சென்னைப் பிரிவின் வழியாக, 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை 2007 ஜனவரியில் வெளியிட்டது. 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் அது. உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்த டெபியன் என்ற வகையின் மேல் கட்டியது. இந்திய மொழிகள் அதில் முதலிலிருந்தே இருந்தன. நம் சென்னையில் தயாரான சரக்கு என்பது இன்றும் பலருக்குத் தெரியாது.

என் சர்வீஸின் கடைசி இரண்டு வருஷம் இந்தக் காலத்தில்தான் கழிந்தது. எங்கள் செக்ஷனுக்கு நான்கு புதுக் கணினிகள் வந்தன. நான்கிலும் லினக்ஸ். வந்த அன்று சூப்பிரண்டெண்ட் பூஜை போட்டு, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். மூன்றாவது வாரம் வெளியிலிருந்து ஒரு பையன் சி.டி.யோடு வந்தான். சாயங்காலத்துக்குள் நான்கிலும் விண்டோஸ் ஏறிவிட்டது. உரிமம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. என் பழைய சக ஊழியர் "ஓடலையே" என்று சொன்னது இதைத்தான்.

ஏன் அப்படி ஆயிற்று? சோம்பல், பழக்கம் என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். கொஞ்சம் அதுவும் உண்டு. பயிற்சி என்று அரை நாள் வகுப்பு நடந்தது, போனவர்கள் டீ சாப்பிட்டு வந்தார்கள். ஆனால் உண்மையான காரணம் வேறு, அது எழுத்துரு.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் எப்படி வேலை செய்தன என்பது நினைவிருக்கிறதா? கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துக்கும் வேறு குறிகளுக்கும் உரிய எண்தான். அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருப்பார்கள். நாம் 'அ' என்று பார்ப்போம், கணினி வேறு ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி போர்த்தியது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று தரக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வகுத்தார்கள். நல்ல முயற்சி. இருந்தாலும் அலுவலகங்களில் அவரவர் வாங்கியதை அவரவர் தொடர்ந்தார்கள். அந்த எழுத்துருக்களும் அவற்றுக்கான விசைப்பலகை மென்பொருளும் விண்டோஸுக்கென்றே செய்தவை. லினக்ஸில் அந்தக் கோப்பைத் திறந்தால் 'பெறுநர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் எலி கடித்த மாதிரி ஆங்கில எழுத்தும் குறிகளும் வந்து நிற்கும்.

எங்களிடம் பத்து வருஷத்து வரைவுகள் இருந்தன. குறிப்பாணை, நினைவூட்டு, நீதிமன்றத்துக்குப் போகும் எதிருரை, சட்டமன்றக் கேள்விக்குப் பதில் எல்லாம் பழைய கோப்பைத் திறந்து, எண்ணையும் தேதியையும் மாற்றி எடுப்பதுதான் வழக்கம். அந்த வரைவு திறக்காத கணினி எங்களுக்கு எதற்கு? சட்டமன்றம் நடக்கும்போது பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் போக வேண்டும் என்றால் கட்டற்ற மென்பொருளின் தத்துவத்தையா பார்ப்போம்? பையனைக் கூப்பிட்டது நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூப்பிட்டவர்களைச் சோம்பேறிகள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

யோசித்துப் பார்த்தால் இது லினக்ஸின் தோல்வியே அல்ல. அரசாங்கத்தின் ஆவணம், அரசாங்க ஊழியன் அடித்தது, ஆனால் அதைப் படிக்கிற சாவி ஒரு கடையில் விற்கிற எழுத்துருவில் இருந்தது. பூட்டு முன்பே விழுந்துவிட்டது. லினக்ஸ் வந்தபோதுதான் பூட்டு இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. காகிதக் கோப்பை எடுத்தால் 1920ல் எழுதிய குறிப்பை இன்று படிக்கலாம். 1998ல் கணினியில் அடித்ததைப் படிக்கக் கடை கடையாக அலைய வேண்டியிருந்தது.

பூட்டைத் திறக்கும் சாவி உண்மையில் முன்பே தயாராக இருந்தது. அதுதான் யூனிகோடு. உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் ஏற்பாடு. தமிழுக்கு அதில் இடம் 1991லேயே கிடைத்துவிட்டது, அதாவது லினக்ஸ் பிறந்த அதே வருஷம். தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியீட்டையும் அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது 2010 ஜூன் 23ல், கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று. நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த அரசாணை 2000ல் வந்திருந்தால் எல்காட் அனுப்பிய கணினிகளின் கதி வேறாக இருந்திருக்கும் என்பது என் திடமான எண்ணம். முதலில் எழுத்து, பிறகு இயங்குதளம் என்று போயிருக்க வேண்டிய வரிசை தலைகீழாகிவிட்டது.

வரிசை சரியாக இருந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். பிரெஞ்சு செய்தித்தாள்களைக் கணினியில் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அங்கே 'ழாந்தார்மெரி' என்று ஒரு போலீஸ் படை. புதுச்சேரிப் போலீஸ்காரர்கள் தலையில் இன்றும் இருக்கிற சிவப்புத் தொப்பி பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போனதுதான். அந்தப் படை 2005ல் முதலில் அலுவலக மென்பொருளை மட்டும் மாற்றி ஓபன் ஆபீஸ் வைத்தது. அடுத்து ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்ட். ஊழியர்கள் இவற்றில் கை பழகிய பிறகு, 2008லிருந்து, அடியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு லினக்ஸை வைத்தார்கள். மேலே பார்க்கிற நிரல் எல்லாம் அதேதான் என்பதால் பலருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. பெரிய மாற்றம் ஐகானும் விளையாட்டும்தான், விளையாட்டு எங்கள் வேலை இல்லை என்று அந்த அதிகாரி ஒருவர் சொன்னாராம். 2024 கணக்கில் அவர்களுடைய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் நூற்றுக்கு 97ல் லினக்ஸ்.

பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப் புத்தகத்தை லினக்ஸை வைத்தே எழுதி, எஸ்.எஸ்.எல்.சி. செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள். பரீட்சைக்கு வந்துவிட்டால் பெற்றோர் வீட்டிலும் போட்டுத்தானே ஆக வேண்டும்! எல்லா இடத்திலும் வெற்றி என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி பத்து வருஷம் பாடுபட்டு சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. 2017ல் விண்டோஸுக்கே திரும்பிப் போவது என்று தீர்மானம் போட்டது.

நம் மாநிலத்தில் அதன் பிறகு இரண்டு முறை கதவு திறந்தது. 2011ல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். இயக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல் கணினி. அவ்வளவு பிள்ளைகள் கையில் லினக்ஸ் போய்ச் சேர்ந்தும், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. என் பேத்தி வகுப்பில் பாதிப் பேர், இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டார்களாம். இருந்தும் அந்தப் பிள்ளைகளில் சிலர் அதையே பிடித்துக்கொண்டு மேலே வந்தார்கள். 2012 ஜனவரியிலிருந்து வருகிற 'கணியம்' மின்னிதழைப் பாருங்கள். லினக்ஸ் பற்றி எளிய தமிழில் எழுதி, விலையில்லாமல் மட்டுமல்ல, யாரும் நகலெடுத்துக் கொடுக்கிற உரிமையோடும் வெளியிடுகிறார்கள். இரண்டாவது, 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபோது தமிழக அரசு துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. மத்திய அரசு 2015ல் திறந்த மூல மென்பொருள் கொள்கையையே வெளியிட்டது. 2023ல் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளுக்கு உபுண்டு வழி வந்த 'மாயா'வைக் கொண்டு வருவதாகச் செய்தி வந்தது. அங்கே காரணம் பணம் இல்லை, பிறர் நுழைந்துவிடுவார்கள் என்ற பயம்.

இத்தனை ஆணைகள் செய்யாததை ஆணை எதுவும் இல்லாமல் ஒன்று செய்துவிட்டது. நம் வேலையெல்லாம் பிரௌசருக்குள் போய்விட்டது. மின் கட்டணம், சொத்து வரி, ரயில் டிக்கெட், ஓய்வூதியக் கணக்கு, பேரன் படம் எல்லாம் அதற்குள்ளேதான். கீழே விண்டோஸா லினக்ஸா என்று அந்த வலைத்தளம் கேட்பதில்லை. தமிழும் யூனிகோடில் இருப்பதால் எங்கும் ஒரே மாதிரி தெரிகிறது. கையில் வைத்திருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலும் லினக்ஸ் கருதான். ஸ்டாட்கவுண்டர் என்ற நிறுவனத்தின் கணக்கில், உலக மேசைக் கணினிகளில் லினக்ஸின் பங்கு 2024 பிப்ரவரியில் முதன்முறையாக 4 விழுக்காட்டைத் தாண்டியது. அமெரிக்காவில் 2025 ஜூனில் 5ஐத் தொட்டது. அதே கணக்கு இந்தியாவுக்கு 10க்கு மேல் காட்டியதும் உண்டு. இந்தக் கணக்குகள் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், முழுசாக நம்ப வேண்டாம். ஏறுமுகம் என்பது மட்டும் நிச்சயம்.

இனி நம் தெருக் கணக்கு. நான் வைத்திருப்பது லினக்ஸ் மின்ட். அதைத் தொடங்கியவர் அயர்லாந்தில் வசிக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். தமிழ்99ல் இந்தக் கட்டுரையை அதில்தான் அடிக்கிறேன். இது வரை மூன்று நண்பர்கள் மாறியிருக்கிறார்கள். முதலில் பென் டிரைவில் வைத்து, கணினியில் எதையும் அழிக்காமல் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பழைய படங்கள், கோப்புகளை வேறு வட்டில் எடுத்து வைத்த பிறகுதான் நிரந்தரமாகப் போட்டோம். ஒருவருடைய பழைய ஸ்கேனர் மட்டும் இன்னும் மசியவில்லை. இன்னொருவர் 2003ல் தன் தகப்பனாரின் நினைவுகளைப் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார், எண்பது பக்கம். அதை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் வழியாக எடுத்தோம். ஒற்றுக்கொம்புகள் சில இடம் மாறியிருந்தன, உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறார். நான்காமவர் மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர். டேலியில் கணக்கு எழுதுகிறார், அது விண்டோஸில்தான் ஓடும். அவரைப் புதுக் கணினியே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பழையதை மருமகளுக்குக் கொடுக்கிறாராம். அதில் என்ன போடுவது என்று கேட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.